நாற்பதுக்குப் பூஜ்யம்

ஜூன் 9, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பேர் ஒரே தப்பை ஒரே வரியில் செய்திருந்தார்கள். எழுப்பி நிற்கவைத்தேன். என்னையா ஏமாற்றப் பார்க்கிறார்கள்?

மாலையில் சிறப்புக் கணக்கு வகுப்புத் தேர்வின் முடிவு வந்தது. நான் எடுக்கப்போகும் வகுப்பு. நல்ல கல்லூரிக்குப் போக வேண்டுமானால் இதில் இடம் கிடைத்தாக வேண்டும். என் மகள் நாற்பதுக்குப் பூஜ்யம். கணக்கு டீச்சர் பெற்ற பெண்! ஆசிரியர் அறையில் தலை நிமிர முடியவில்லை.

ஜூன் 10, புதன்

இதில் ஏதோ இருக்கிறது. திருத்தியவர் இயற்பியல் சார். சிறப்பு வகுப்பு தனக்குத்தான் என்று நம்பியிருந்த மனுஷர். விடைத்தாளைக் கேட்டேன். "தாராளமா பாருங்க மேடம்" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். அந்தச் சிரிப்பே சரியில்லை.

நாலு விடையில் ஒன்றைக் குறிக்கும் நாற்பது கேள்விகள். மூன்று முறை சரிபார்த்தேன். ஒழுங்காகத்தான் திருத்தியிருக்கிறார்.

ஜூன் 11, வியாழன்

அப்படியானால் இவள்தான். காதல் கீதல் என்று ஏதாவது? பை, மேஜை இழுப்பறை, செல்போன் — எல்லாவற்றையும் துழாவினேன். ஒன்றுமில்லை.

"நீ போலீஸ்ல சேர்ந்திருக்க வேண்டியவ" என்றார் கணவர். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ஜூன் 13, சனி

பத்தாம் வகுப்புக்காக நிகழ்தகவுக் கணக்குகள் தயாரித்துக்கொண்டிருந்தேன். நாலு விடையில் ஒன்று சரி. கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சரியாக அமையும் வாய்ப்பு கால். நாற்பது கேள்விக்கு எதிர்பார்ப்பு மதிப்பு பத்து. கை அப்படியே நின்றது.

ஒன்றுமே தெரியாதவளுக்குப் பத்தையொட்டி வந்திருக்க வேண்டுமே! நாற்பதும் தப்பாக அமைய முக்கால் பெருக்கல் முக்கால், நாற்பது முறை. போட்டுப் பார்த்தேன். லட்சத்தில் ஒன்று. சரியான விடை தெரிந்தவளால்தான் இத்தனை கச்சிதமாக அதைத் தவிர்க்க முடியும். கள்ளி!

கூப்பிட்டுக் கணக்கைக் காட்டினேன். மறுக்கவில்லை.

"ஏண்டி இப்படிப் பண்ணின?"

"உன் கிளாஸ்ல நான் உட்கார மாட்டேன்மா. போன வருஷம் நூறு வாங்கினேன். 'கேள்வித்தாளை எங்கடி பார்த்த?'ன்னு கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் கேட்ட. தப்பா எழுதினா யாரும் கேட்க மாட்டாங்கல்ல?"

கேட்டேனா? கேட்டேன். கேட்டுவிட்டு மறந்தும் போயிருக்கிறேன். என்ன ஜென்மம் நான்? பெத்தவளே நம்பலன்னா அவ வேற யார்கிட்ட போவா?

ஜூன் 14, ஞாயிறு

பேசவில்லை அவள். பேசாமல் இருப்பதுதான் நியாயம்.

ஜூன் 15, திங்கள்

தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லி மறுதேர்வு கேட்டேன். மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க பொண்ணுங்கிறதால கேட்கறீங்களா? மத்தவங்க என்ன நினைப்பாங்க?"

சந்தேகப்படுகிறார்! சுருக்கென்றது. இவ்வளவு வலிக்குமா இது?

சிறப்பு வகுப்பை இயற்பியல் சாருக்கே கொடுத்துவிடுங்கள், கேள்வித்தாளையும் அவரே தயாரிக்கட்டும், நான் அந்தப் பக்கமே வர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் சம்மதித்தார். அந்த வகுப்புக்காக ஆறு வருடம் காத்திருந்தேன். வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 26, வெள்ளி

முப்பத்தெட்டு. இடம் கிடைத்துவிட்டது.

எந்த இரண்டு தப்பு, ஏன் தப்பு என்று நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கினேன். "சந்தோஷம்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் விடைத்தாளோடு வந்து, மடித்த துணிகளைத் தள்ளிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த ரெண்டும் நிஜமாவே தெரியலம்மா. சொல்லிக் குடு."