ஓவர்லுக் என்றால் மேற்பார்வை

ஜூலை 21, திங்கள்

வெயில் குறைவு, ஆடிக் காற்று அதிகம். சிம்மக்கல் புழுதி மொத்தமும் என் தலையில். எண்ணெய் வைத்து வந்தது என் தப்பு.

ஆங்கிலம்: எஸ்தர் மிஸ். இனி எ.மி., கை வலிக்கிறது. இன்றைய பாடம் வினைச்சொல்லும் அதன் வாலும். வினை ஒன்றேதான், பின்னால் ஒட்டுகிற குட்டிச் சொல் மாறினால் ஆளே மாறிவிடும். புட் ஆன்: உடுத்து. புட் ஆஃப்: தள்ளிப்போடு. புட் அவுட்: அணை. புட் அப் வித்: பொறுத்துக்கொள். கடைசிக்கு இரண்டு வால். குரங்குக்கே ஒன்றுதான்.

பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு ‘கெட் டவுன்’ தப்பாம். ‘கெட் ஆஃப்’ தானாம்.

“ஆஃப்னா பாதிதான மிஸ்? பாதி இறங்குனா விழுந்துருவோம்ல?”

வகுப்பே சிரித்தது. எ.மி. சிரிக்கவில்லை. “ஜெனி, நீ முழுசா இறங்கி வெளிய போய் நில்லு.”

வெளியே நின்றபடி கேட்டது: “தமிழ்லயும் இருக்குல்ல பிள்ளைகளா. பாரு. பாத்துக்க. எட்டிப் பாரு. ஏறிட்டுப் பாரு. பார்வை ஒண்ணுதான், கூட வர்ற சொல்லுதான் வேலையச் செய்யுது.” நல்லாத்தான் இருந்தது. யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

ஆண்டு விழாப் பட்டியல் ஒட்டினார்கள். தொகுப்புரை: பி பிரிவு நான்சி. மூன்று வாரமாக வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். கண்ணாடி பாவம்.

எ.மி.யிடம் போனேன்.

“உன்னைய மேடையில விட்டா யாரை எப்பக் கவுப்பேன்னு தெரியாதுடீ. எனக்கு எதுக்கு வம்பு?”

வகுப்பு மொத்தமும் இருக்கும்போது சொன்னார். நான்சியும் இருந்தாள். பல்லைக் காட்டினாள். அதில் கம்பி வேறு.

டர்ன் டவுன்: மறுத்துவிடு. தானாகவே மனப்பாடம் ஆகிவிட்டது.

ஜூலை 23, புதன்

வாங்க வேண்டியவை: வெள்ளை சாக்ஸ், கிராஃப் நோட்டு, பழிக்குப் பழி.

மதியம் ஒரு கண்டுபிடிப்பு. பாடம் நடத்தும்போது எ.மி.யின் இடது உள்ளங்கையில் எப்போதும் ஏதோ இருக்கும். விபூதியா என்று கேலி செய்வோம், சர்ச்சுக்குப் போகிறவரை. விபூதி இல்லை. சீட்டுகள். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சின்னதாக வெட்டி, பின்பக்க வெள்ளையில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஆங்கிலம், கீழே தமிழ்ப் பொருள். ஒரு நாற்பது இருக்கும், ரப்பர் பேண்டு போட்டு. இங்கேயே ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகளுக்குச் சோறு ஊட்டப் போகும்போது வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துவிட்டுப் போவார்.

அப்பாவிடம் கேட்டேன். அப்பா எங்கள் பள்ளி அலுவலகத்தில்தான் கிளார்க். “எஸ்தர் டீச்சர் படிச்சது வரலாறு பாப்பா. இங்கிலீசுக்கு ஆள் கிடைக்கல, அவங்களைப் போட்டுருக்கு. ராத்திரி உக்காந்து படிச்சுட்டு வந்து எடுக்குறாங்க. பாவம், கீழக்குயில்குடியில இருந்து ரெண்டு பஸ் மாறி வாராங்க.”

ஆக, எங்களுக்கும் மிஸ்ஸுக்கும் ஒரே ஒரு ராத்திரிதான் வித்தியாசம்.

வெள்ளிக்கிழமை நிர்வாகத்திலிருந்து வகுப்பைப் பார்க்க வருகிறார்களாம். தற்காலிக ஆசிரியர்கள் யார் யாரை நிரந்தரமாக்குவது என்று பார்க்க. இதையும் அப்பாதான் சொன்னார். எனக்குத் தெரியாது என்று பின்னால் எழுதிவிடக் கூடாது, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். தெரியும். ஆஃப் தெரியும்.

ஜூலை 24, வியாழன்

பேச்சியம்மாள் என் பெஞ்சு. பேரில் மட்டும்தான் பேச்சு. அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வருகிறாள், விவசாயக் குடும்பம். போன மாதம் அவள் அக்கா கல்யாணம். மிஞ்சின பத்திரிகை ஒன்று கொண்டுவரச் சொல்லி நேற்றே சொல்லியிருந்தேன்.

“எதுக்கு மாப்ள?”

“கலைப்பொருள் செய்ய.”

“நீ கலைச்சுத்தான் பாத்துருக்கேன். செஞ்சு பாத்ததில்ல.” அபூர்வமாகப் பேசினாலும் நறுக்கென்று பேசுவாள்.

மாற்றியது இரண்டே சீட்டு. ‘லுக் ஓவர்’ என்றால் ஒரு தரம் பார்த்துச் சரிபார். ‘ஓவர்லுக்’ என்றால் கண்டும் காணாமல் விடு. அதே பார்வை, அதே ஓவர், முன்னால் வந்தால் ஒன்று, பின்னால் வந்தால் இன்னொன்று. நான் ‘ஓவர்லுக்’ சீட்டில் எழுதியது: மேற்பார்வையிடு. ஓவர் மேல், லுக் பார்வை. எந்தத் தமிழ்ப் பிள்ளையும் நம்பும். ‘கண்டும் காணாமல் விடு’ அடுத்த சீட்டுக்குப் போனது. எ.மி.யின் ‘டு’ மாதிரியே வால் நீட்டி எழுதினேன். கையெழுத்து விஷயத்தில் நான் மேதை.

மதியம் 12.50: பதிவேட்டுக்குள் வைத்தாயிற்று. பேச்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம்டீ.”

“ஒரு சிரிப்பு. அம்புட்டுதான்.”

ஜூலை 25, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

வந்தது மூன்று பேர். கரஸ்பாண்டென்ட் ஐயா, ஒரு மேடம், ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர். எ.மி. புதுச் சேலை. கஞ்சி போட்டது, நடந்தால் சத்தம் வந்தது. மல்லிகைப்பூ. பாடம் நன்றாகப் போனது. நிஜமாகவே. பேச்சியைக்கூட எழுந்து பேசவைத்தார், “ஐ லுக் ஆஃப்டர் தி கோட்ஸ்” என்று. பேராசிரியர் தலையாட்டினார். கடைசியில் ஐயாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, முந்தின ராத்திரி தயார்செய்துவந்த வாக்கியத்தைச் சொன்னார்:

“அவர் மேனேஜ்மென்ட் ஓவர்லுக்ஸ் ஆல் அவர் ப்ராப்ளம்ஸ்.”

எங்கள் குறைகளையெல்லாம் நிர்வாகம் மேற்பார்வையிட்டுக் கவனிக்கிறது என்று புகழ்கிறாராம்.

ஐயா நிமிர்ந்தார். “ஆல்?”

“எஸ் சார். எவ்ரி இயர் சார்.”

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து மேடத்திடம் தமிழில்: “நம்ம டீச்சர் தைரியசாலிங்க. நிர்வாகம் எல்லாத்தையும் கண்டும் காணாம விட்டுருதாம்ல, வருசா வருசம்!”

எ.மி. உள்ளங்கையைப் பார்த்தார். ஒரு தரம். மறுபடி. காது சிவந்தது. “சாரி சார், நான் சொல்ல வந்தது…” சொல்ல வந்தது வரவே இல்லை. தமிழிலும் வரவில்லை. ஐயா எழுந்து, கூரையில் மழை ஒழுகின கறையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், போய்விட்டார்.

வகுப்பு சிரித்தது. நான் கேட்ட சிரிப்பு. நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை. முதலில் சிரித்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம். தலைப்பு ஞாபகமில்லை. முன்வரிசையில் கரஸ்பாண்டென்ட் ஐயா, கண்ணை மூடி ஜெபம். எதையும் காணாமல் இருக்க அதுவும் ஒரு வழி.

மதியம் கோழி. இறங்கவில்லை. “காதல் கீதல் ஏதும் இருக்காடீ?” என்று அம்மா. அது ஒன்றுதான் குறைச்சல்.

ஜூலை 29, செவ்வாய்

எ.மி. இரண்டு நாளாக வரவில்லை. விளையாட்டு சார் வந்து மேற்பார்வை பார்த்தார். அதாவது தூங்கினார்.

சாயங்காலம் அப்பா ஒரு தாளோடு வந்தார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வதற்கு முன்னால் என்னிடம்தான் காட்டுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

“பாப்பா, இதுல கடைசில ஒரு ‘வித்’ தொங்குது பாரு. தப்போ? அடிச்சுறவா?”

எ.மி.க்குப் போகிற கடிதம். ‘யுவர் சர்வீசஸ் ஆர் டிஸ்பென்ஸ்டு வித்.’

டிஸ்பென்ஸ் என்றால் கொடு, வழங்கு. மருந்துக் கடையில் செய்கிறார்களே, அது. ‘வித்’ ஒட்டினால் இனி வேண்டாம், போய் வா. மூன்று வருஷ வேலை, தமிழில் எழுதினால் இரண்டே எழுத்தில் முடிந்தது.

“அடிச்சுருங்கப்பா” என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அடித்தால் மட்டும் என்ன, தாள்தானே மாறும்.

அதற்குப் பதில் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, பச்சை பேனா, பேச்சி வீட்டுப் பத்திரிகை. “நான் வந்து ஐயாகிட்ட சொல்றேன்பா. என் தப்புன்னு சொல்றேன்.”

அப்பா எழுந்து டிவி சத்தத்தைக் கூட்டினார். வெளியே கேட்கக் கூடாதாம். பிறகு:

“நீ போய்ச் சொன்னா நாளைக்கு உனக்கு டி.சி. நாளன்னைக்கு எனக்கு இதே மாதிரி ஒரு தாளு. அதையும் நானே அடிக்கணும்.”

“அப்ப மிஸ்ஸு?”

“கண்டுக்காம விட்ரு பாப்பா.”

ஆங்கிலமே சரியாக வராத அப்பா. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பொருள் மிகச் சரி.

“வித் இருக்கட்டும்பா. அது சரிதான்” என்றேன்.

ஜூலை 31, வியாழன்

எ.மி. சாமான்களை எடுக்க வந்தார். டிபன் டப்பா, டம்ளர், குடை, மகளுடைய மாற்றுச் சான்றிதழ். ஆசிரியர் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை, ஆசிரியர் இல்லையென்றால் சலுகையும் இல்லை.

சைக்கிள் நிறுத்தம் அருகே பிடித்தேன். பேச்சி தூரத்தில் நின்றாள்.

“மிஸ், அந்தச் சீட்டு…”

கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். திருப்பிக் காட்டினார். ஓரத்தில் மஞ்சள். வெட்டுப்பட்ட எழுத்து: ‘அலங்காநல்’.

“என் சீட்டு எல்லாம் என் தங்கச்சி கல்யாணத்துல மிஞ்சுன பத்திரிகை. எங்க சபையில யாருடீ மஞ்சள் தடவுறா?”

“அப்பவே தெரியுமா மிஸ்?”

“அன்னைக்குப் பஸ்ஸுல உக்காந்து பாத்தேன். பேச்சி எனக்கும் அந்தப் பத்திரிகை குடுத்துருக்கா. எழுதுனது யாருன்னு கண்டுபிடிக்க எம்புட்டு நேரம்?”

“ஏன் மிஸ் ஐயாகிட்ட சொல்லல?”

“என்னன்னு சொல்ல? ஒரு பிள்ளை எழுதி வச்ச சீட்டப் பாத்துத்தான் பாடம் நடத்துறேன்னா? வாய் தவறிச் சொல்லிட்டேன்னாவது வேற பள்ளிக்கூடத்துல கேட்டா சொல்லிக்கலாம்.”

காலில் விழப் போனேன். நகர்ந்துகொண்டார். பெரிய மன்னிப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

“நான்சியப் போட்டதுக்காடீ?”

தலையாட்டினேன்.

“நான்சி அப்பா நிர்வாகத்துல இருக்காரு. எனக்கு நிரந்தரமாகணும்ல. அதான் போட்டேன். நீதான் நல்லாப் பேசுவ.”

குடையை விரித்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. முகம் மறைக்க.

“வாரேன்.” போகும்போதும் இந்த ஊரில் வாரேன்தான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காற்று நின்றுவிட்டது. புழுக்கம். சாக்ஸ் இன்னும் வாங்கவில்லை. பேச்சி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறாள், கேட்டதற்கு ஜன்னல் வேண்டுமாம்.

புது ஆங்கில சார். எம்.ஏ. ஆங்கிலம், கையில் சீட்டு இல்லை, எங்கள் பேரும் தெரியாது. விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கரும்பலகையில் ‘ஓவர்லுக்’ என்று எழுதினார்.

“இதை வச்சு ஒரு சென்டென்ஸ். யார் சொல்றது?”

யாரும் என்னைப் பார்க்கவில்லை, பேச்சி தவிர. எழுந்தேன்.

“அவர் மேனேஜ்மென்ட் ஓவர்லுக்ஸ் ஆல் அவர் ப்ராப்ளம்ஸ்.”

சார் கூரையின் கறையை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“வெரி குட். ஒரு தப்பும் இல்ல. உக்காரு.”