கறுப்பு மீனுக்கு உப்புத் தண்ணீர்

அன்புள்ள கண்ணு தரணீதரனுக்கு, வேலம்பாளையத்திலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி அருண்குமாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே ஜோர்டான் குளிரில் நீயும் இந்துமதியும் பிள்ளை யாழினியும் நல்லபடி இருக்க மாகாளியம்மன் துணை. போனில் சொன்னால் பிள்ளை காதில் விழும், அதனால் உன் கம்பெனிக்கே வேலைக்கு வரும் அருள்செல்வனிடம் கொடுத்தனுப்புகிறேன், தனியாக வைத்துப் படி.

யாழினி விட்டுப்போன மூன்று மீனில் இரண்டு செத்துவிட்டது. கறுப்பு மட்டும் இருக்கிறது. பொங்கல் காப்புக்கட்டுக்கு வீடு கழுவும்போது உன் தம்பி மீன் தொட்டியையும் விடவில்லை, பழைய தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் கொட்டி, கல்லையெல்லாம் தேய்த்து, கேன் தண்ணீரை ஊற்றி நிரப்பினான். ஏன்டா என்றால், நாம குடிக்கிற நல்ல தண்ணி, அதுக்கும் பொங்கல்தானேம்மா என்கிறான். விடிந்து பார்த்தால் இரண்டும் மல்லாந்து கிடக்கிறது. மீன் கடைக்காரரிடம் ஓடினேன். நல்ல தண்ணி கெட்ட தண்ணி இல்லீங்கம்மா, பழகுன தண்ணியா இருக்கோணும், உங்க போர்வெல் உப்புத் தண்ணியில வளர்ந்ததுங்க, கேன் தண்ணியில உப்பே இல்லீங்க, திடீர்னு மாத்துனா தாங்குமுங்களா, தினம் ஒவ்வொரு சொம்பா எடுத்துட்டுப் பழையபடி போர்த் தண்ணியே ஊத்துங்க என்றார். நம் போரில் மோட்டார் புகைந்து கிடக்கிறது, பொங்கலுக்கு ஊருக்குப் போன மோட்டார்காரர் இன்னும் திரும்பவில்லை. குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை, எதிர்வீட்டுப் போரில் சாயப்பட்டறைச் சாயம். நம் ஊற்றுத் தண்ணீரே வேண்டுமென்றால் உங்கப்பா இருந்தபோது நம்முடையதோடு சேர்த்துத் தங்கைக்குப் பக்கத்து மனையில் போட்டுக்கொடுத்த போர்தான், உன் அத்தை தெய்வாத்தாள் வீட்டுப் போர்.

உன் கல்யாணப் பந்தியில் அவள் சோற்றில் கை வைக்காமல் இலையை மூடிவிட்டு எழுந்து போனதை நீ மறந்திருப்பாய். அரக்குச் சேலை கட்டி மூன்றாவது இலையில் உட்கார்ந்திருந்தாள், பொங்கலூர் உறவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. இனி அவள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று அன்றைக்கே சொன்னேன், இத்தனை நாளும் சுவர் தாண்டவில்லை. குடத்தை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். கறுப்பு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, பார்க்க முடியவில்லை, போய்விட்டேன். வாசலிலேயே, ஏனுங்க நங்கை, வழி தெரிஞ்சுதுங்களா, தண்ணி உங்களுக்குங்களா மீனுக்குங்களா என்றாள். மீனுக்குத்தான் என்றேன். அவளே குடத்தை வாங்கி நிறைத்துக்கொடுத்தாள், கூடவே ஒரு டம்ளரையும் நீட்டினாள். தாகமில்லை என்றேன். தொண்டை காய்ந்துதான் இருந்தது.

இன்று கறுப்பு கொஞ்சம் தீனி எடுத்தது, திரும்பவும் மூலையில் போய் நின்றுகொண்டது. இதை எழுதுவதற்குள் எத்தனை தடவை எழுந்துபோய்ப் பார்த்தேனோ. அது தெளியும்வரை பிள்ளையிடம் சொல்லாதே, வீடியோவில் கேட்டால் தூங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் குளிரில் பிள்ளையைக் காதை மூடாமல் வெளியே விடாதே.

மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நூறாண்டு இருங்கள் சாமி. அருணுக்குப் போன் போட்டுச் சத்தம் போடு, வேறு ஆளை வைத்தாவது மோட்டாரை எடுத்துச் சரிசெய்யச் சொல். தினமும் போகிறேன், தினமும் அவள் டம்ளரை நீட்டுகிறாள். வெயில் வேறு ஏற ஆரம்பித்துவிட்டது. நீ தாமதித்தால் குடித்துவிடுவேன் போலிருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா முத்தாத்தாள்