எங்கள் பந்தலின் அலுமினிய டம்ளர்

அனுப்புநர்:
க. கண்ணாயிரம்,
செயலாளர், விடியல் இளைஞர் மன்றம்,
அடி அண்ணாமலை, வட ஆற்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: தண்ணீர்ப் பந்தல் – பத்திரிகைச் செய்தி உண்மையென ஒப்புக்கொள்ளுதல் – எனது 13.4.82 மனுவைத் திரும்பப் பெறுதல் – பந்தலை அகற்றும் ஆணையை நிறுத்திவைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மலை சுற்றும் பாதையில் எங்கள் மன்றம் ஓராண்டாகத் தண்ணீர்ப் பந்தல் நடத்துகிறது. அதற்கு "எல்லோரும் சமம்" என்று ஓரடி உயர எழுத்தில் பலகை எழுதியவன் நான். அந்தப் பலகையின் கீழேயே ஊராருக்கு எவர்சில்வர் டம்ளரும் காலனியாருக்கு அலுமினிய டம்ளரும் தொங்குவதாக, 'மலைச்சாரல்' வார இதழில் நிருபர் மக்பூல் எழுதினார்.

2. அது பச்சைப் பொய், அவர் மீது வழக்குத் தொடர வேண்டும் என்று தங்களுக்கு ஆறு பக்கம் மனு கொடுத்தேன். அதில் 'புரட்சி' என்ற சொல் ஒன்பது இடங்களில் வருகிறது. 'டம்ளர்' ஓரிடத்திலும் இல்லை.

3. செய்தி பொய்யென்று கையொப்பம் வாங்கக் காலனிக்குப் போனேன். தினமும் புல்லுக்கட்டோடு பந்தலைக் கடக்கும் திரௌபதி அம்மாள், மைப்பெட்டியைத் தொடாமல் சொன்னது: "பொய்யின்னு எப்படி தம்பி ரேகை வெக்கிறது? அலுமினியம் எங்களுது, சில்வர் உங்களுது. எங்க டம்ளர்ல நீ குடிச்சி நான் பாத்ததே இல்லியே." யோசித்துப் பார்த்தேன். நானும் பார்த்ததில்லை.

4. அலுமினிய டம்ளர் பௌர்ணமிக் கூட்டத்துக்காக வாங்கியது. யாருக்கு எது என்று நாங்கள் தீர்மானம் போடவில்லை. போட வேண்டிய தேவையே இருக்கவில்லை. மக்பூல் தாகத்தில் அலுமினியத்தை எடுத்தபோது, "அது வேணாம் பாய், இதுல குடிங்க" என்று உபசரித்தவர் எங்கள் பொருளாளர் மூர்த்தி. செய்தி அங்கேதான் பிறந்திருக்கிறது.

5. தற்போது இரண்டையும் எடுத்துவிட்டு, ஒரே மாதிரியான ஆறு எவர்சில்வர் டம்ளர்களைச் சங்கிலியின்றி வைத்துள்ளோம். இரண்டு காணாமல் போயின. ஒன்று மூர்த்தி வீட்டில் கிடைத்தது. பத்திரிகைச் செய்தியை வெட்டிப் பலகையின் கீழ் ஒட்டியிருக்கிறேன். இப்போது வரிசை பாதியாகிவிட்டது. ஊராருக்குத் தாகம் குறைந்துவிடவில்லை. என் தந்தை உட்படப் பலர் வீட்டிலிருந்து சொம்பு எடுத்து வருகிறார்கள்.

6. தவறு எங்களுடையது. ஆனால் பத்திரிகைச் செய்தியின் பேரில் தாங்கள் 19.4.82 அன்று ஆணையிட்டபடி பந்தலைப் பிரித்தால் சொம்பு உள்ளவர்களுக்கு நட்டமில்லை. திரௌபதி அம்மாள்தான் முன்பு போல ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கையேந்தி நின்று குடிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே ஆணையை நிறுத்திவைத்து, மக்பூல் மீதான என் புகாரைக் கிழித்தெறிந்து, வரும் சித்திரைப் பௌர்ணமியன்று தாங்களே நேரில் வந்து பார்வையிட வேண்டுகிறேன். ஊர்ப் பெரியவர்கள் தங்களுக்கென்று தனியாகக் கண்ணாடி டம்ளர் கொண்டுவருவார்கள். அதை மறுத்துவிட்டு, திரௌபதி அம்மாள் குடித்து வைத்ததில் ஒரு வாய் குடிக்கவும் பணிவுடன் கோருகிறேன். தங்களுக்கு முன்னால் நான் குடித்துக் காட்டுகிறேன்.

இடம்: அடி அண்ணாமலை
நாள்: 26.4.82

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) க. கண்ணாயிரம்