எல்லாத் துண்டும் ஒரே திசையில்

ஒமாஹா
5 செப்டம்பர் 1956

அன்புள்ள எமிலுக்கு,

லொரெய்ன் புதுப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். அப்பா எப்போது வருவார் என்று கேட்கிறாள், நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். அக்கா லிபி வீட்டு மாடியறை எங்கள் இருவருக்கும் போதும்.

நான் வேலைக்குப் போவது உனக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மிசஸ் ஹெகர் நடத்தும் உடுப்புக் கடையில் துணி வெட்டும் மேசைக்கு ஆள் வேண்டுமாம். பச்சை வெல்வெட்டும், துணிமேல் வைத்து வெட்டும் காகித அச்சுகள் உள்ள ஒரு பேட்டர்ன் உறையும் கொடுத்தார். "இருபத்திரண்டாம் தேதிக்குள்ள இதுல ஒரு ஜாக்கெட் தைச்சுக் கொண்டா. சரியா வந்தா வேலை உனக்குத்தான். துணி இவ்வளவுதான் இருக்கு, பார்த்துக்கோ" என்றார்.

தைப்பதில் எனக்குப் பயமில்லை, வெட்டுவதில்தான். பதினோரு வருஷமாக நீ வெட்டிக் கொடுத்தாய், நான் தைத்தேன். உறைக்குள் இருந்த குறிப்புத் தாளை விரித்தால் ஒரே கோடும் அம்புமாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டின் நடுவிலும் நீளமாக ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறார்களே, அது எதற்கு? அதை மட்டும் எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
வெர்னா

வில்பர்
8 செப்டம்பர்

என் வெர்னாவுக்கு,

அம்பு எதற்கு என்று நான் எழுதி, அது உன் தலையில் ஏறுவதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிடும். காலை முதல் மாலை வரை பட்டறையில் தகரத்தின் மேல் கோடு போட்டு வெட்டுகிறவன் நான். துணி என்ன, தகரம் என்ன? எல்லாவற்றையும் பார்சலில் அனுப்பு. வெட்டி அனுப்புகிறேன், தைத்துக் கொடுத்துவிட்டு உன் ஆசை தீர்ந்ததும் கிளம்பி வா.

ஞாயிற்றுக்கிழமை நானே மாவு உருண்டை வேகவைத்தேன். நாய்கூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. பட்டறையில் ஸ்டான்யா, "என்னடா, உன் பொண்டாட்டி எப்ப வர்றா?" என்று தினமும் கேட்கிறான். மாதக் கடைசியில் வந்துவிடுவாய் என்று சொல்லிவைத்திருக்கிறேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

உன்
எமில்

ஒமாஹா
11 செப்டம்பர்

அன்புள்ள எமிலுக்கு,

அம்பு எதற்கு என்று நானே கண்டுபிடித்துவிட்டேன். அது துணியின் கரையோடு இணையாகக் கிடக்க வேண்டும். அம்பின் இரண்டு முனையிலிருந்தும் கரை வரைக்கும் அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். படத்தில் கறுப்படித்த துண்டு என்றால், பேட்டர்னைக் குப்புறப் போட வேண்டும். இவ்வளவு புரிந்த பிறகும் கத்தரியை எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருக்கிறேன். பாழாக்கினால் வேறு துணி கிடையாது.

பார்சல் அனுப்பியிருக்கிறேன். அனுப்பியதற்காக என் மேலேயே எனக்குக் கோபம்.

வெர்னா

வில்பர்
14 செப்டம்பர்

என் வெர்னாவுக்கு,

வெட்டியாயிற்று. இத்துடன் வருகிறது. துணிமேல் துண்டுகளை எப்படி அடுக்குவது என்று தாளில் இரண்டு படம் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் எல்லாத் துண்டும் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கின்றன. அதை வரைந்தவன் வாழ்க்கையில் ஒரு தகரத் தாளைக்கூட வெட்டியிருக்க மாட்டான்! இன்னொன்றில் கைக்கான துண்டு இரண்டும் தலைகீழாக மற்றவற்றின் இடுக்கில் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அப்படியே வெட்டினேன். முழு அகலத்தில் முக்கால் கஜம் மிச்சம்! லொரெய்னுக்கு ஒரு தொப்பி தைத்துக் கொடு.

இதெல்லாம் உனக்கு எதற்கு என்று இப்போதாவது தெரிகிறதா? சீக்கிரம் வந்து சேர்.

உன்
எமில்

ஒமாஹா
23 செப்டம்பர்

அன்புள்ள எமிலுக்கு,

துண்டுகளைக் கோத்து ஜன்னலோரம் மாட்டினேன். லிபி உள்ளே வந்தவள், "ஏண்டி, கைக்கு மட்டும் வேற துணியா போட்டிருக்க?" என்றாள். நானும் தள்ளி நின்று பார்த்தேன். உடம்பு கரும்பச்சை, கை இரண்டும் வெளுத்த பச்சை. வெல்வெட்டின் மயிர் ஒரு பக்கமாகத்தான் படியும் எமில், தலைகீழாகத் திருப்பினால் நிறமே வேறாகத் தெரியும். பூனையை வால் பக்கத்திலிருந்து தடவினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது நீ வெட்டிய கை.

உட்கார்ந்து அழுதேன். பிறகு தாளை எடுத்துத் தரையில் விரித்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தேன். நீ வேண்டாமென்று தள்ளிய படத்தின் பக்கத்தில் 'மயிருள்ள துணிகளுக்கு' என்று அச்சடித்திருக்கிறது.

உன் முக்கால் கஜத்தில் இரண்டு கைகளையும் புதிதாக வெட்டினேன். பேட்டர்னை ஒருமுறை நிமிர்த்தி, ஒருமுறை குப்புற. இல்லாவிட்டால் இரண்டும் இடது கையாகியிருக்கும். கத்தரியை இரண்டு தடவை கீழே வைத்தேன். மூன்றாவது தடவை எடுத்து வெட்டிவிட்டேன்.

நேற்று மிசஸ் ஹெகர் ஜாக்கெட்டை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நீ வெட்டினதா?" என்று கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "கை மட்டும்தாங்க நான் வெட்டினது. மத்ததெல்லாம் என் வீட்டுக்காரர். அவர் தப்பா வெட்டின கை வீட்டுல கிடக்கு" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "தப்பு எங்கேன்னு கண்டுபிடிக்கிறவதான் எனக்கு வேணும். திங்கட்கிழமை வந்துடு."

நான் போகப்போகிறேன் எமில். மாதக் கடைசியில் வில்பர் ஊருக்குத் திரும்பி வரமாட்டேன். தாளில் நீ படத்தைப் பார்த்தாய், பக்கத்தில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. என்னிடமும் பதினோரு வருஷம் அப்படித்தான். வா, போ, அனுப்பு, தைத்துக் கொடு என்பாய். உனக்கு என்ன வேண்டும் வெர்னா என்று ஒரு நாள் கேட்டதில்லை. அதனால்தான் கிளம்பி வந்தேன். உன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை.

வெர்னா

வில்பர்
27 செப்டம்பர்

வெர்னாவுக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் 'வா' என்றுதான் தொடங்கியிருந்தேன்.

துணிக்கடைக்குப் போய் வெல்வெட்டை மேலும் கீழுமாகத் தடவிப் பார்த்தேன். கடைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நீ சொன்னது சரி. அங்கேயே நின்றபோது மிகவும் வெட்கமாக இருந்தது.

ஸ்டான்யாவிடமும் சொல்லிவிட்டேன். "அவ வரல. அங்க வேலை கிடைச்சிருக்கு. துணி வெட்டுற வேலை" என்றேன். "உன்னைவிட நல்லா வெட்டுவாளா?" என்றான். ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு ஒமாஹாவுக்கு ஒரு பஸ் இருக்கிறது. லொரெய்னைப் பார்க்க வேண்டும், உன்னையும் பார்க்க வேண்டும். மாலைப் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். நான் வரலாமா? நீ எழுதும் வரை டிக்கெட் வாங்கமாட்டேன்.

எமில்