பாம்பு வராத நாடகம்

சார்,

வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எதையும் எழுத வராது. அதனால் சொல்ல வந்ததை முதலிலேயே எண் போட்டு வைத்துவிடுகிறேன்.

1. உங்கள் நாடகத்தில் பாம்பு வரக்கூடாது என்பது உங்கள் கொள்கை.
2. அது விழாக்காரர்களுக்குப் புரியவில்லை.
3. உங்கள் மகள் மலருக்கும் புரியவில்லை.
4. இத்தனையையும் என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள்.

நாலாவதை நினைத்தால்தான் எரிச்சல் அதிகமாகிறது.

இதை எழுதும் மேசைமேல் ஒரு ரப்பர் பாம்பு கிடக்கிறது. செருப்புக் கடைக்குள் நுழைந்தால் ஒரு வாடை வருமே, அது அடிக்கிறது. “எங்க வூட்ல இதுக்கு இடமில்ல அங்கிள்” என்று நேற்று நாடகம் முடிந்ததும் மலர் இதை என் பைக்குள் போட்டுவிட்டாள்.

குரோம்பேட்டைப் பள்ளியில் நீங்கள் டிராயிங் மாஸ்டர், நான் இங்கிலீஷ் மாஸ்டர். ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆகியும் நமக்குள் அந்த ‘சார்’ மட்டும் போகவில்லை. பீர்க்கன்கரணையில் உங்கள் வீட்டுக் கூடத்தில், உங்கள் இருளர் சொந்தக்காரப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு நீங்கள் நாடகம் போட ஆரம்பித்தபோது, முன்னுரை பேச ஆள் வேண்டும் என்று என்னை இழுத்துவிட்டீர்கள். நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தும்.

நாடகத்துக்கு ஒரு மேசை, இரண்டு நாற்காலி போதும். கல்லூரியில் சேர வேண்டிய பெண், மலர்தான், சாதிச் சான்றிதழ் கேட்டு வருகிறாள். மேசைக்குப் பின்னால் இருக்கும் அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்க்கிறார். “நீ இருளர்னு நான் எப்படிம்மா நம்புறது? பாம்பு புடிப்பியா?” அவள் பேசாமல் நிற்கிறாள். விளக்கு அணைகிறது.

போன இடமெல்லாம் விழாக்காரர்கள் கேட்பார்கள்: “பாம்பு எப்ப சார் வரும்?” நீங்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவீர்கள்: “வராது சார்.” மிச்சத்தை நான் மேடையில் விளக்குவேன். ஒரு சமூகத்தின் அடையாளத்தை வேடிக்கைப் பொருளாகக் கேட்கிறது உலகம், அதைத் தர மறுக்கிறார் நாடக ஆசிரியர் என்று. நீங்கள் பக்கத்தில் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒருநாளும் மறுத்ததில்லை.

நீங்கள் போன பிறகு முதல் மேடை, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். விழாச் செயலாளர் போன வாரம் என் வீட்டுக்கே வந்தார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. பசங்க எல்லாரும் பேண்ட், சுடிதார்ல வர்றாங்களாம். பார்த்தா நம்ம மாதிரியேல்ல இருப்பாங்க? கொஞ்சம் ட்ரைபல் டச் குடுங்க சார்” என்று சொல்லி, கவரிலிருந்து இந்தப் பாம்பை எடுத்து நீட்டினார்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டு, “டீ சாப்பிடுறீங்களா?” என்றேன். என் சுபாவம் உங்களுக்குத் தெரியாததா?

மலர் அதைத் தூக்கி எறிவாள் என்று நம்பித்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளோ வாலைப் பிடித்து ஆட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

“சூப்பரா கீது அங்கிள். போட்டுடலாம்.”

“போட்டுடலாமா? உங்கப்பாவோட கொள்கைம்மா அது!”

“இன்னா கொள்கை?”

என் முன்னுரையை முழுக்கச் சொன்னேன். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டாள். “நீங்க ஸ்பீச்ச பாத்துக்கங்க அங்கிள். நாடகத்த நாங்க பாத்துக்கறோம்” என்றாள்.

உங்களுக்காக யாராவது நிற்க வேண்டுமே என்று எனக்குத் தவிப்பாகிவிட்டது. நேற்று மைக்கைப் பிடித்து ஊரறியச் சொன்னேன்: “இந்த நாடகத்தில் பாம்பு வராது.” சபையில் சொல்லிவிட்டால் அவள் துணியமாட்டாள் என்று கணக்குப் போட்டேன்.

வந்தது, சார். அதிகாரி டிராயரைத் திறந்து எடுத்து மேசைமேல் போட்டார். “எங்க, புடிச்சுக் காட்டு.” மலர் வீலென்று கத்திக்கொண்டு நாற்காலிமேல் ஏறிவிட்டாள். மண்டபமே சிரித்தது. என் முதுகைத் தட்டி, “வராதுன்னீங்களே சார்!” என்று செயலாளரும் சிரித்தார். எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

நாற்காலிமேல் நின்றபடி அவள் சொன்னாள்: “எனக்குப் பயம் சார். எங்கப்பாவுக்கும் பயம். டிவில பாம்பு வந்தாலே சேனல மாத்திடுவாரு. ஆனா சாகற வரைக்கும் அவரு இருளருதான் சார். இப்ப எழுதுங்க.”

சிரிப்பு பாதியில் நின்றது. விளக்கு அணைந்தது. கை தட்டினார்கள், நெடுநேரம்.

வெளியே வந்ததும் அவளிடம் கேட்டேன். “அப்பாவுக்குப் பயம்னியே, அது வசனம்தானே?”

“உங்களுக்குத் தெரியாதா அங்கிள்? தாத்தா பாம்பு புடிச்சிகினு வந்தா, இவரு ஓடிப்போய் ஸ்கூல்ல உக்காந்துக்குவாராம். அதான் வாத்தியார் ஆயிட்டாருன்னு அம்மா ஓட்டிக்கினே இருக்கும்.”

“அப்போ நாடகத்துல வேணாம்னது?”

“ரிகர்சல் எங்க வூட்லதானே அங்கிள்! ரப்பர் பாம்புகூட உள்ள வரக்கூடாது அவருக்கு.”

எத்தனை மேடை, சார். எத்தனை பேரிடம் அந்த விளக்கம். “அப்படியெல்லாம் இல்ல சார்” என்று ஒரு தடவை என் காதில் சொல்லியிருந்தால் என்ன? நேற்றிலிருந்து உங்களோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்பது காலையில்தான் உறைத்தது. பாம்புக்குப் பயப்படுகிற இருளரா என்று நான் சிரித்திருக்க மாட்டேன். ஆனால் ஒரு நொடி ஆச்சரியப்பட்டு உங்கள் முகத்தைப் பார்த்திருப்பேன். எத்தனையோ மேசைகளுக்குப் பின்னால் நீங்கள் பார்த்துச் சலித்த பார்வை அது. பக்கத்து நாற்காலியிலும் அதைப் பார்க்க வேண்டாம் என்று விட்டிருக்கிறீர்கள். அந்தப் பார்வைதான் இப்போது என்னோடு இருக்கிறது. எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

மலரைப் பற்றி மூன்றாவதாக எழுதியதை இன்னும் யோசிக்க வேண்டும். ஆனால் முதலாவது தவறு, சார். அது கொள்கை இல்லை.