நடத்துநர் பையின் பின்பக்கம்

ஜனவரி 9

இன்றைக்கு மட்டும் இருபத்து மூன்று பொருள்கள். ஒரு ரேடியோ, பல் போன சீப்பு, கால் உடைந்த தையல் இயந்திரம், யாருடைய கல்யாணத்திலோ எடுத்த மங்கிய படம், மூன்று மண்ணெண்ணெய் விளக்கு. விளக்கு மட்டும் இதுவரை நாற்பத்தொன்று சேர்ந்துவிட்டது. இந்த நாட்டில் அத்தனை பேரும் விளக்கு வெளிச்சத்தில்தான் படித்து முன்னுக்கு வந்தார்கள் போலிருக்கிறது.

நாட்டுக்கு எழுபத்தைந்து வயது. அதற்காக எங்கள் அருங்காட்சியகத்தில் ‘நூறு பொருள்களில் நம் நாடு’ என்று கண்காட்சி. வீட்டில் இருக்கும் பழைய பொருளைக் கொண்டுவாருங்கள் என்று பேப்பரில் போட்டாலும் போட்டார்கள், வரிசை கேட் வரைக்கும் நிற்கிறது. வாங்கி, எண் போட்டு, நிலைக் குறிப்பு எழுத நான் ஒருத்தி. கீறல் எத்தனை, நசுங்கல் எங்கே, கறை என்ன நிறம் – இருபத்தெட்டு வருடமாக இதுதான் பிழைப்பு. “உனக்கு மனுஷங்களப் பாத்தாலும் மொதல்ல விரிசல்தான் தெரியும்” என்பான் அண்ணன்.

அப்பாவின் வீரப் பதக்கத்தையும் இன்று கொடுத்துவிட்டேன். அண்ணனின் பிடிவாதம். “நூறு பொருள்ல அப்பாவோடது இல்லன்னா அது என்னடி கண்காட்சி?” படிவத்தில் ‘இரவல்’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். ‘கொடை’ என்று போட்டால் பொருள் நாட்டுக்குச் சொந்தம், திரும்பி வராது. உள்ளே இருப்பவளுக்கு இது தெரியாதா?

ஜனவரி 12

சாயங்காலம் கதவை மூடும் நேரத்துக்கு ஓர் அம்மா வந்தார். அறுபதைத் தாண்டிய வயது. துணியில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு தோல் பை. பஸ் கண்டக்டர் தோளில் மாட்டுகிற பை. “எங்க அண்ணனோடதும்மா. எடுக்கும்போது தோள் வார மட்டும் இழுத்துடாதீங்க, அது பிஞ்சுரும்” என்றார்.

எனக்கு அவசரம். இரவல் என்றால் நாலு பிரதி, குழுவின் கையெழுத்து, இயக்குநர் கையெழுத்து. கொடை என்றால் ஒரே தாள். யார் வந்தாலும் நாங்கள் கொடையில்தான் டிக் போடுவோம். இங்கே அது கைப்பழக்கம். “கண்காட்சி முடிஞ்சதும் வந்து வாங்கிக்கறேன்” என்று அவர் சொன்னது காதில் விழத்தான் செய்தது. எல்லோரும் சொல்கிறார்கள், யார் திரும்பி வருகிறார்கள்? காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். கண்ணாடி எடுத்துவரவில்லை என்று சிரித்தார்.

ஜனவரி 13

பையைத் திறந்து பார்த்தேன்.

பின்பக்கம் ஒரு ஓட்டை. சுண்டுவிரல் நுனி நுழையும். தோலின் ஓரம் உள்ளே மடங்கியிருக்கிறது. உள்ளே நான்கு கட்டு டிக்கெட், ரப்பர் பேண்டு இற்றுப்போய் தாளோடு ஒட்டியிருந்தது. நான்கு கட்டையும் துளைத்துக்கொண்டு அதே ஓட்டை. பையின் முன்பக்கமும் ஓட்டை, அதன் ஓரம் வெளியே பிதுங்கியிருக்கிறது. டிக்கெட்டின் விளிம்பில் பழுப்புக் கறை.

நிலைக் குறிப்பில் உள்ளபடி எழுதினேன்: துளை ஒன்று. பின்னிருந்து முன். விட்டம் ஒன்பது மில்லிமீட்டர். வேகமாக வந்த உலோகப் பொருளால் ஏற்பட்டது எனத் தெரிகிறது. கறை, இரத்தமாக இருக்கலாம். எழுதி முடித்தபின் தண்ணீர் குடிக்கப் போனேன். வேலையை நடுவில் விட்டு எழுந்து போகிற ஆள் இல்லை நான்.

ஜனவரி 17

விவரம் கேட்க அந்த அம்மாவை வரச்சொல்லியிருந்தேன். மனதுக்குள் பைக்காரம்மா என்றே பெயர் வைத்துவிட்டேன். விட்டு விட்டு, நிதானமாகச் சொன்னார். நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் பஸ் ஊழியர் வேலைநிறுத்தம். பெரிய பாலத்தின் மேல் ஊர்வலம். அவருடைய அண்ணனுக்கு இருபத்து நாலு வயது. அவர் வேலைநிறுத்தத்திலேயே இல்லை. காலை ட்ரிப் முடித்து, டெப்போவில் பையை ஒப்படைக்கக் கூட்டத்தோடு கூட்டமாகப் போனவர்.

“வானத்தப் பாத்துதான் சுட்டோம், யாரும் சாகலன்னு இன்னிக்கும் பள்ளிக்கூடப் புத்தகத்துல போடுறாங்க. எங்க அண்ணன் என்ன வானத்துலயாம்மா நடந்து போனான்?”

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. பைக்குக் கீழே அண்ணன் பெயரும் அந்தத் தேதியும் எழுத வேண்டும். “வேற ஒண்ணும் வேண்டாம். யாரு சுட்டாங்கன்னுகூட எழுத வேண்டாம். அப்படி ஒருத்தன் இருந்தான், அன்னிக்குச் செத்தான்னு போட்டாப் போதும்.”

தேதியைச் சொன்னார். குறித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த தேதி.

அதே நாள் – வீட்டுக்கு வந்தபின்

பதக்கம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாராட்டுப் பத்திரம் இங்கே கூடத்துச் சுவரில். நாற்காலி போட்டு ஏறிப் படித்தேன். எதற்குப் படிக்க வேண்டும், மனப்பாடம்தானே. ‘ஆயுதம் ஏந்திய கலவரக் கும்பலிடமிருந்து பெரிய பாலத்தைக் காக்கும் பணியில், தன் படைக்கு முன்னின்று ஆணையிட்டமைக்காக.’ தேதியும் அதேதான்.

அப்பா இந்தக் கதையை மறைத்தவர் இல்லை. விருந்தாளி வந்தால் அவரே ஆரம்பிப்பார். “ஒரே ஒரு குரல்தான் குடுத்தேன். பாலம் காலி.” நானும் அண்ணனும் கை தட்டுவோம். எனக்கு அப்போது எட்டு வயது. ஒவ்வொரு தடவையும் தட்டினோம்.

அந்தக் கும்பலிடம் இருந்த ஆயுதம் என்ன? நான்கு கட்டு டிக்கெட்டா?

ஜனவரி 18

லீவு. தலைவலி என்று சொன்னேன்.

ஜனவரி 20

அண்ணனிடம் சொன்னேன். அவன் டிவி சத்தத்தைக் குறைப்பது போனில் கேட்டது. பிறகு, “அப்பா சொன்னாத்தான் சுட்டாங்கன்னு என்ன ஆதாரம்? மேல இருந்து உத்தரவு வந்திருக்கும்” என்றான். பத்திரத்திலேயே இருக்கிறதே என்றேன். “அப்பாவப் போயி அந்த மாதிரி எழுதுறதுக்கா உன்ன இவ்ளோ படிக்க வச்சாரு?”

அப்பாதான் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார். கையைப் பிடித்து, கோடு விலகாமல். நிலைக் குறிப்பில் என் கையெழுத்தைப் பார்த்து அச்சு மாதிரி இருக்கிறது என்பார்கள். அது அவர் கையெழுத்து. எனக்கு அவரைப் பிடிக்கும். பிடிக்காமல் போகவில்லையே, அதுதான் என் கஷ்டம்.

ஜனவரி 24

இயக்குநர் கூப்பிட்டார். மேஜையில் என் நிலைக் குறிப்பு. எதையும் அடித்துப் பேசமாட்டார், தடவித் தடவித்தான் பேசுவார்.

“பை அருமையான பை. ‘நாட்டை இணைத்த சாலைகள்’ பகுதியில வைக்கலாம்னு குழு முடிவு பண்ணியிருக்கு. இந்த ஓட்டை விஷயம்தான்... தோல் பொருள் பாருங்க, பூச்சி அரிச்சிருக்கலாமே?”

“டிக்கெட்டுலயும் ஓட்டை இருக்கு சார்.”

“கண்டக்டர் டிக்கெட்டுல ஓட்டை இருக்கறது அதிசயமா? பஞ்ச் பண்ணத்தானேம்மா டிக்கெட்?”

பக்கத்திலிருந்த ஆலோசகர் சிரித்தார். அத்தனை டிக்கெட்டையும் ஒரே அடியில் பஞ்ச் பண்ணினானா, அதுவும் முதுகுப் பக்கமாகக் கையை வளைத்து? நாக்கு நுனி வரை வந்தது. மென்று முழுங்கினேன்.

நிலைக் குறிப்பை எழுதியவரைத் தவிர யாரும் திருத்த முடியாது. அது சட்டம். அவர் திருத்தச் சொல்லவும் இல்லை. “நீங்களே யோசிச்சு முடிவு பண்ணுங்க” என்றார். எழுந்தபோது, “உங்க அப்பா பதக்கத்த நடுக் கூடத்துல வைக்கறோம். தனிக் கண்ணாடிப் பெட்டி” என்றார். பதக்கத்தின் தேதியும் பையின் தேதியும் ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 25

திருத்திவிட்டேன்.

‘தோலில் துளைகள். பூச்சி அரிப்பாக இருக்கலாம்.’ பழைய தாளைக் கிழித்தேன். அச்சு மாதிரி கையெழுத்து.

இயக்குநர் பயமுறுத்தினார் என்று இங்கே எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். பயமுறுத்தவில்லை. ஓய்வுக்கு இரண்டு வருடம்தான், என்னை என்ன செய்துவிடுவார்கள்? அப்பாவுக்காகச் செய்தேன். அதுகூட இல்லை. கை தட்டியவளுக்காகச் செய்தேன்.

பிப்ரவரி 3

பைக்காரம்மா வந்தார். பொருளுக்குப் பக்கத்தில் வைக்கப்போகும் வாசக அட்டையின் மாதிரியைக் காட்டினோம். ‘பேருந்து நடத்துநரின் தோல் பை. அன்றாட உழைப்பின் சின்னம். கொடை.’ பையை ஓட்டை சுவரைப் பார்க்கிற மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். முன்பக்கத்து ஓட்டைக்கு மேல் வாரை மடித்துப் போட்டாயிற்று.

மூன்று தடவை படித்தார். இன்றைக்குக் கண்ணாடி கொண்டுவந்திருந்தார்.

“பேரு எங்கம்மா?”

அட்டையை நேராக நகர்த்தி வைத்தேன்.

“சரி. அப்ப எனக்கு இது வேண்டாம். பையக் குடுத்துருங்க, நான் கொண்டுபோறேன்.”

கொடுக்க முடியாது என்று சொல்ல வேண்டியவள் நான். படிவத்தை எடுத்து அந்த டிக்கைக் காட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை கத்தியிருப்பேன். “நான் வாங்கிக்கறேன்னு சொன்னேனேம்மா. உங்ககிட்டதானே சொன்னேன்” என்றார். எனக்கு ஞாபகமில்லை என்று சொன்னேன்.

பொய்.

பிப்ரவரி 6

ஒரு கடிதம் போதும். ‘கொடையாளர் இரவலாகத்தான் தந்தார். டிக் போட்டதில் தவறு என்னுடையது.’ இப்படி எழுதிக் கொடுத்தால் குழு கூடும், பை அவர் வீட்டுக்குப் போகும். ஆனால் கோப்பைத் திறப்பார்கள். முதல் குறிப்பு எங்கே, ஏன் திருத்தினாய் என்று கேட்பார்கள். தேதி வரும். தேதி வந்தால் நடுக் கூடத்துப் பெட்டியும் வரும்.

எழுதினேன். கைப்பைக்குள் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 7

கொடுக்கவில்லை.

பிப்ரவரி 8

இயக்குநர் ஊரில் இல்லை. நல்ல சாக்கு.

பிப்ரவரி 14

திறப்பு விழா. அமைச்சர் வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடி பிடித்தார்கள். அண்ணன் குடும்பத்தோடு வந்து அப்பாவின் பெட்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டான். “நீயும் வாடி, நடுவுல நில்லு.” நின்றேன். சிரித்தேனா? படம் வந்தால் தெரியும்.

பை இருக்கிற பகுதிப் பக்கம் போகவில்லை. ஆனால் ஒரு வாத்தியார் பிள்ளைகளுக்குச் சொல்வது காதில் விழுந்தது. “அந்தக் காலத்துல பூச்சி எப்படி அரிச்சிருக்கு பாருங்க. பழைய பொருள நாமதான் பத்திரமா வச்சுக்கணும்.” அமுக்கி வைத்த வார் நழுவியிருக்கிறது. என் குறிப்பைப் படித்த யாரோ வழிகாட்டி சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆக, நான் எழுதியது வரலாறு ஆகிவிட்டது. பாடமும் ஆகிவிட்டது.

மே 16

கண்காட்சி முடிந்தது. இரவல் பொருள்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பதக்கத்தை அண்ணன் வந்து வாங்கிப்போனான். அது என்னிடம் வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் கேட்கவில்லை, அவனுக்குச் சந்தோஷம்தான். கொடைப் பொருள்கள் கீழ்த்தளக் கிடங்குக்கு. பை பதினோராவது அலமாரி, மூன்றாம் தட்டு. அமிலமில்லாத தாளில் நானே சுற்றினேன். பைக்குள் பஞ்சு வைத்து, வார் மடியாமல். இந்த வேலையில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மடிப்பில் தானாகவே பாதி கிழிந்திருந்தது.

ஜூன் 5

கொடையாளர் தான் கொடுத்த பொருளை மாதத்தில் ஒருநாள் வந்து பார்க்கலாம் என்று ஒரு விதி உண்டு. இருபத்தெட்டு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. பைக்காரம்மா எங்கேயோ விசாரித்துத் தெரிந்துகொண்டு மனு கொடுத்திருக்கிறார். முதல் திங்கள்கிழமை. கூட ஊழியர் ஒருவர் இருக்க வேண்டும்.

அந்த ஊழியர் நான்தான்.

கையுறை போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பையை மடியில் வைக்க அனுமதியில்லை, மேஜையில்தான். அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். வேறொன்றும் செய்யவில்லை.

ஆகஸ்ட் 7

மூன்றாவது தடவை வந்தார். இப்போதெல்லாம் பேசுகிறோம். நான் அக்கா என்கிறேன், அவர் தங்கச்சி என்கிறார். எனக்கு மூட்டுவலி என்றதும் ஏதோ எண்ணெய் சொன்னார். தன் அண்ணன் விசில் அடித்தால் தெருமுனை வரை கேட்கும் என்றார். பஸ்ஸில் ஏறும் கிழவிகளைக் கைபிடித்து ஏற்றுவானாம், அதனால் வண்டி எப்போதும் லேட்டாம், டிரைவரிடம் தினமும் திட்டாம். சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

டிக்கெட் கட்டைத் திருப்பி அந்த ஓட்டை வழியாகப் பார்த்தபடி, சும்மாதான் கேட்டார்.

“உங்க அப்பா என்ன வேலை பாத்தாரு தங்கச்சி?”

“அரசாங்க உத்தியோகம்” என்றேன்.

“அதானே பாத்தேன்” என்றார். “எவ்ளோ பத்திரமா வச்சிருக்கீங்க இதை. நல்லா வளத்திருக்காரு.”

பார்வைப் பதிவேட்டில் எழுதினேன். உள்ளே வந்த நேரம் 10.30. வெளியே போன நேரம் 11.30. பொருளில் மாற்றம்: இல்லை. கீழே அவர் கையெழுத்து, அதற்குக் கீழே என்னுடையது.

அடுத்த மாதமும் முதல் திங்களில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.