டாக்டரம்மா கேட்டதற்கு நீ சொன்ன பதில்

ஏட்டி,

இன்னைக்குக் காலையில டாக்டரம்மா அந்தச் சிலேட்டு மாதிரி கம்ப்யூட்டரை மறுபடியும் என் முன்னால திறந்தாவ. அந்த வெளிச்சத்தைப் பார்த்ததுமே எனக்கு நீ அதுக்கு முன்னால உட்கார்ந்திருந்த நாள்தான் கண்ணுல வந்துது. பக்கத்துல உன் மக, வயித்துல ஏழு மாசம். அவளுக்கு அந்தப் பக்கம் அவ மாமியார்.

உனக்கு அந்தக் கம்ப்யூட்டர்னா இளக்காரம். "பரீட்சையில நாம பார்த்து எழுதினா வாத்தியாரு பிரம்பெடுத்தாரு. இவிய பார்த்து எழுதுனா சம்பளம் குடுக்காவ"ன்னு விளாத்திகுளம் பஸ்ஸே சிரிக்கச் சொல்லுவே. அது டாக்டரம்மா காதுலயும் விழுந்துட்டு. கோவப்படல. "எல்லா நோயும் மனப்பாடமா இருக்காதும்மா. எத்தனையோ பேரைப் பார்த்து, எந்த வைத்தியம் பலிச்சுது, எது பலிக்கலன்னு சோதிச்சு இதுல போட்டிருக்காங்க. ஆனா நீங்க உள்ளதைச் சொன்னாத்தான் இது எனக்கு வழி காட்டும்"னாவ.

நீ உள்ளதைச் சொல்லலியே.

மிளகாய்க் காட்டுல ஒரு நிரை பறிச்சு முடிக்குமுன்ன நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவ நீ. நான்தான் இழுத்துக்கிட்டுப் போனேன். டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்து ஒவ்வொண்ணாக் கேட்டாவ. நடந்தா மூச்சு வாங்குதா? நெஞ்சை அழுத்துதா? வலி கைக்கு இறங்குதா? எல்லாத்துக்கும் "இல்ல"ன்னே. வாசல்ல மாப்பிள்ளையோட அத்தை சீட்டு வாங்கிட்டு நின்னா. உன் மகளுக்குக் கல்யாணம் பேசி முடிக்கிற நேரம். தாய்க்கு நெஞ்சு நோவுன்னா பொண்ணுக்கும் வரும்னு சம்பந்தத்தை முறிச்சிருவாவ.

"பொய் சொல்லுதா டாக்டர். வரப்பு ஏறினாலே இவளுக்கு மூச்சு முட்டுது"ன்னேன்.

நீ சிரிச்சே. "அது அவளுக்கு டாக்டர். சொல்ல வெக்கப்பட்டு என்னைக் காட்டுதா."

எல்லாரும் சிரிச்சாவ. டாக்டரம்மா எனக்குப் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்த்தாவ. உனக்கு, நீ சொன்ன பதிலுக்குத் தக்க, கேஸ் மாத்திரை குடுத்தாவ. வலி திரும்ப வந்தா உடனே வரச் சொன்னாவ. நீ போகல. கல்யாணம் முடிஞ்சு, மறுவீட்டு விருந்துக்குக் கறி வாங்கப் போன இடத்துல சாஞ்சிட்டே, பிறகு எந்திரிக்கவே இல்ல. வெயில் அடிச்சிட்டுன்னு ஊரு சொல்லிச்சு. நானும் ஆமான்னேன். உன் மக அந்த வீட்டுல பிழைக்கணுமே.

இன்னைக்கு அவளுக்குப் பிரஷர் ஏறியிருந்தது. கால் வீங்கி மெட்டி சதைக்குள்ள போயிட்டு. "தலைவலிக்கா? கண்ணு மங்குதா?"ன்னு டாக்டரம்மா கேட்டாவ. மாமியாரை ஒரு பார்வை பார்த்துட்டு, "இல்ல டாக்டர்"னா. உன் குரலேதான்.

நான் எந்திரிச்சிட்டேன். "இருக்கு டாக்டர். காலையில நான் கூப்பிடப் போனப்ப, உலைப்பானைன்னு நெனச்சு தண்ணிக் குடத்துல அரிசியைக் கொட்டினா. இவளுக்குக் கண்ணு தெரியல."

"இவிய யாரு நடுவுல? நல்லா இருக்க பிள்ளைக்கு நோயைக் கட்டுதாவ"ன்னா மாமியார்.

"என்னை எவ்வளவு வேணா ஏசுங்க மதினி. பிள்ளையை இப்பவே பெரியாஸ்பத்திரிக்கு ஏத்தணும்."

டாக்டரம்மா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாவ. முகம் மாறிட்டு. உடனே ஊசி போட்டு, ஆம்புலன்சைக் கூப்பிட்டாவ.

கோவில்பட்டி ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்து எழுதுதேன். கதவு சாத்தியிருக்கு. தாய் பிழைப்பாளா, பிள்ளை பிழைக்குமா, ரெண்டுமான்னு எனக்குத் தெரியல. நான் யாருகிட்ட போய்க் கேக்க? உன்னைத்தான் கேக்க முடியுது.

இப்பத்தான் நர்சம்மா வந்து கேட்டாவ: "இந்தப் பிள்ளையோட அம்மாவுக்கு நெஞ்சு நோய் உண்டா?" மாமியார் என்னையே பார்த்தா.

உண்டுன்னு சொல்லிட்டேன்ட்டி. நீ உயிரைக் குடுத்து மறைச்சதைச் சொல்லிட்டேன். அந்த வீட்டுல இனி அவளை எப்படி நடத்துவாவளோங்கிற பயம்தான் இப்ப என் நெஞ்சுல கிடக்கு. முதல்ல அவ கண்ணு முழிக்கட்டும். ஏச்செல்லாம் எனக்கு வரட்டும்.